எல்லாருக்கும் காபி, வாஃபிள், இலவசம்

பெர்கனுக்கு வந்து நாலாவது நாள்தான் தூரிக்கு வெயில் வந்த சேதியே தெரிஞ்சுது. அதுவும் ஒரு காலைப் பார்த்து.

அவளும் புருஷனும் தங்கியிருந்தது தரைக்குக் கீழ இருக்கற ஒரு ஒத்தை அறை. சன்னல்னு ஒண்ணு இருந்துது, இல்லைன்னு சொல்ல மாட்டேன். கூரையை ஒட்டி, ஒரு முழ உயரத்துக்கு. அது வழியா தெருவுல போறவங்களோட கணுக்கால் மட்டும்தான் தெரியும். மூணு நாளா ரப்பர் பூட்ஸ் போட்ட கணுக்காலாப் போயிட்டிருந்துது. நார்வேயிலயே அழகான கடற்கரை ஊர்னு பேரு, எங்கெங்க இருந்தோ ஜனங்க கப்பல் கப்பலா வந்து எறங்கறாங்க, தூரி என்னடான்னா மூணு நாளா பூட்ஸைப் பார்த்துக்கிட்டிருந்தா. அன்னைக்குக் காலையில வெறும் செருப்பு போட்ட கால் ஒண்ணு சன்னலைத் தாண்டிப் போச்சு.

"ஒட்வார், எந்திரி. வெளிய செருப்புக் கால் போகுது."

"யாரோட கால்?" போர்வைக்குள்ள இருந்து கேட்டான் அவ புருஷன்.

"யாரோடதா இருந்தா உனக்கென்ன? மழை விட்டுடுச்சுன்னு அர்த்தம்!"

போனை எடுத்துப் பார்த்தா. மூணு மணி வரைக்கும் வெயில். மூணுக்கு மேல மேகம். நாலுல இருந்து மறுபடி மழை, செவ்வாய்க்கிழமை வரைக்கும். இவங்களுக்கோ மறுநாள் காலையில ஊருக்கு ரயில். அதாவது, இன்னைக்கு மூணு மணிக்குள்ள நடந்தாத்தான் உண்டு.

நடக்க வேண்டியது என்னன்னா, அன்னைக்கு மே பத்து. தூரிக்கு அறுபது வயசு முடியுது. ஜனவரி மாசமே ஒட்வார்கிட்ட சொல்லி வச்சிருந்தா. மோதிரம் வேண்டாம், விருந்து வேண்டாம், சொந்தக்காரங்களைக் கூப்பிட்டு அவங்க பேசறதைக் கேக்கற தண்டனையும் வேண்டாம். பெர்கனுக்குப் போகணும், மலை ரயில்ல ஏறி மேல போகணும், அங்க காபிக் கடையில நாற்காலியில உக்காந்து கடலைப் பார்த்துக்கிட்டு ஒரு கப் காபி குடிக்கணும். நாற்காலியில. கப்புல. இந்த ரெண்டையும் அழுத்திச் சொன்னா. ஏன்னா ஒட்வாரோட வெளிய போனா ஈரப் பாறையிலதான் உக்காரணும், பிளாஸ்க் மூடியிலதான் குடிக்கணும். முப்பத்தஞ்சு வருஷமா அவ நாற்காலிங்களைத் தூர இருந்தே பார்த்துட்டு வந்தவ.

ஒட்வார் காசில்லாத ஆளுன்னு நினைச்சுடாதீங்க. கிழக்க, அவங்க சொந்த ஊர் எல்வெரும்ல, மரமில்லுல நல்ல வேலை, இப்போ நல்ல பென்ஷன். ஆனா சும்மா கிடைக்கறதுன்னா அந்த மனுஷனுக்கு முகத்துல ஒரு ஒளி வரும் பாருங்க, கல்யாணத்தன்னைக்குக் கூட அவ்வளவு வரலை. இந்த அறையே அப்படித்தான். அவன் அக்கா பையன் டோர்கிரிம் நடுக்கடல்ல எண்ணெய் மேடையில வேலை பார்க்கறான். ரெண்டு வாரம் அங்க, நாலு வாரம் இங்க. அவன் அங்க இருக்கற நேரம் பார்த்து இவங்க இங்க.

முதல் நாள் மீன் சந்தையில ஓசி ருசி. குச்சியில குத்தி ஒரு துண்டு சால்மன் குடுப்பாங்க இல்லையா, அந்தக் கடையை ஒட்வார் நாலு தடவை சுத்தினான். ரெண்டாவது தடவை தொப்பியைக் கழட்டிட்டு, மூணாவது தடவை கண்ணாடியைப் போட்டுக்கிட்டு. நாலாவது தடவை அந்தக் கடைக்காரப் பையனே, "வாங்க ஐயா, உங்களுக்காகத்தான் எடுத்து வச்சேன்"னு நீட்டினான். தூரி அவமானத்துல நண்டுத் தொட்டியைப் பார்த்துக்கிட்டு நின்னா. நண்டுகூட அவளைப் பாவமாப் பார்த்த மாதிரி இருந்துது.

ரெண்டாவது நாள் மழைக்கு ஒரு பெரிய ஹோட்டல் வரவேற்பறை சோபா. அங்க தங்கியிருக்கற மாதிரி பேப்பரை விரிச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம். மூணாவது நாள் நூலகம். அங்க கழிவறை சும்மா, வெந்நீரும் கேட்டா குடுப்பாங்க. அங்கயே பிளாஸ்கை ரொப்பிக்கிட்டு, தேவாலயத்துல மதியம் ஆர்கன் வாசிக்கறதைக் கேக்கப் போனாங்க, அதுவும் சும்மா. சாப்பாடு வீட்டுல கட்டிக்கிட்டு வந்த ரொட்டித் துண்டுதான். பழுப்புச் சீஸ் வச்சு, ஒண்ணுக்கொண்ணு ஒட்டாம நடுவுல காகிதம் போட்டு அடுக்குவாங்களே, அது. சாப்பிட்டு முடிச்சதும் ஒட்வார் அந்தக் காகிதத்தை நீவி, மடிச்சு, சட்டைப்பையில வச்சுப்பான். மறுநாள் ரொட்டிக்கு. தூரி அதை மூணு நாளா பார்த்தா. ஒரே காகிதம். அது இப்போ காகிதமாவே இல்ல, துணி மாதிரி ஆயிடுச்சு.

"இன்னைக்கு மலை ரயில்," தூரி சொன்னா, தலையை வாரிக்கிட்டே. "பதினொரு மணிக்கு வரிசையில நிக்கறோம்."

"போலாம் போலாம். ஆனா தூரி, நடந்து போனா முக்கா மணி நேரம். பாதை பூரா நிழல். ரயில்ல போறவனுக்கு மேல வேற கடலா தெரியுது?"

"என் முட்டியைக் கேளு, சொல்லும்."

"மெதுவா..."

"ஒட்வார்."

"சரி சரி. ரயில்." சரின்னுட்டான். ஆனா கல்லை முழுங்கின மாதிரி ஒரு சரி. குப்பையைப் போட்டுட்டு வரேன்னு மாடிப்படிப் பக்கம் போனான்.

திரும்பி வந்தவன் முகத்துல அந்த ஒளி.

தூரி தலை வாரறதை நிறுத்தினா. "என்ன?"

"பிறந்தநாள் பரிசு!" ஒட்வார் கையைத் தேச்சுக்கிட்டான். "மாடிப்படிக்கிட்ட நோட்டீஸ் ஒட்டியிருக்கு. சனிக்கிழமை பத்து மணி, பின்பக்க முற்றத்துல. 'எல்லாருக்கும் காபி, வாஃபிள், இலவசம்.' எல்லாருக்கும்னா நமக்கும்தானே?"

"எதுக்குக் குடுக்கறாங்க?"

"பிரியமா குடுக்கறாங்க."

"பெர்கன்காரங்களா? பிரியமாவா? கிழக்க இருந்து வந்தவங்களுக்கா?" தூரி சீப்பைக் கீழ வச்சா. "நோட்டீஸை முழுசாப் படிச்சியா?"

"மேல பாதியில யாரோ பூனையைக் காணோம்னு ஒரு காகிதம் ஒட்டி மறைச்சிருக்காங்க. முக்கியமானது கீழதான் இருக்கு. வா, பத்து மணிக்கு வாஃபிள், பத்தரைக்குக் கிளம்பிடலாம். மேல போய் வாங்கித் தின்ன வேண்டிய அவசியமும் இருக்காது."

அந்தக் கடைசி வரியை அவன் வாய் தவறித்தான் சொன்னான். தூரி அதைக் காதுல வாங்கி, மடிச்சு, உள்ள வச்சுக்கிட்டா. பேசினா நேரம் போகும். அரை மணி நேரம்தானே, தொலையட்டும்.

முற்றத்துக்குப் போனா அங்க ஒரு இருபது பேர் நிக்கறாங்க. எல்லாரும் பழைய துணியில. தூரி அப்பவே நின்னுட்டா. விருந்துக்கு வர ஊர் சனம் முட்டி கிழிஞ்ச கால்சட்டையிலயா வரும்? ஆனா ஒட்வாருக்கு வாஃபிள் மாவு வாசனை வந்துடுச்சு. அதுக்கப்புறம் அவனுக்குக் கண்ணு தெரியாது.

நடுவுல ஒரு பொம்பளை, எழுபது வயசு இருக்கும், செவசெவன்னு உதட்டுச் சாயம், கையில ஒரு அட்டையும் பேனாவும். பேரு வென்கே. ஊரே கேக்கற குரல்.

"நீங்க எந்த வீடு கண்ணுங்களா?"

ஒட்வார் நெஞ்சை நிமிர்த்தினான். எங்க வேத்து ஆளுன்னு வாஃபிள் இல்லைன்னுடப் போறாங்களோன்னு பயம். "பதினாலு. கீழ்த்தளம்."

"பதினாலு கீழ்த்தளமா!" வென்கே பேனாவைத் தூக்கிக் காட்டி மத்தவங்களைக் கூப்பிட்டா. "ஏய், எல்லாரும் பாருங்க! டோர்கிரிம் வீட்டுல இருந்து ஆள் வந்திருக்கு! மூணு தடவை டிமிக்கி குடுத்த பய. பாரு, அவன் பேருக்குக் கீழ நானே செவப்பு மையில கோடு போட்டு வச்சிருக்கேன். நீங்க யாரு அவனுக்கு?"

"மாமா," ஒட்வார் குரல் கொஞ்சம் எறங்குச்சு.

"குடும்ப மானத்தைக் காப்பாத்த வந்த மாமா! இந்தாங்க." ஆளுக்கு ஒரு ஜோடி கையுறையைத் திணிச்சா. "டுக்னாட்டுக்கு வாங்க, வாங்க."

அந்த வார்த்தை காதுல விழுந்ததும் ஒட்வார் முகம் போன போக்கை தூரி நல்லாவே பார்த்தா.

டுக்னாட்னா என்னன்னு அந்த நாட்டுல தொட்டில் குழந்தைக்கும் தெரியும். தெருக்காரங்க எல்லாம் ஒண்ணு சேர்ந்து, சம்பளம் இல்லாம, கூட்டற வேலை, பெருக்கற வேலை, பெயின்ட் அடிக்கற வேலை எல்லாத்தையும் செஞ்சு முடிக்கறது. மே பதினேழு தேசிய நாள் வருதுன்னா அதுக்கு முந்தின சனிக்கிழமை எங்க பார்த்தாலும் இதுதான். யாரும் வந்தே ஆகணும்னு கட்டாயப்படுத்த மாட்டாங்க. அதுதான் கஷ்டமே. கட்டாயம்னா மாட்டேன்னு சொல்லிட்டுப் போயிடலாம். வந்துட்டுப் பாதியில போனவன்னு பேரெடுத்தா, அந்த ஆள் செத்த பிறகும் அதைச் சொல்லுவாங்க.

"வாஃபிள்..." ஒட்வார் மெதுவா இழுத்தான்.

"வேலை முடிஞ்சப்புறம்!" வென்கே அவன் முதுகுல ஒண்ணு வச்சா. "கிழக்கத்தி ஆளுங்களுக்குப் பசி முந்திக்கும் போல. நாங்க பெர்கன்ல முதல்ல உழைப்போம், அப்புறம் திம்போம், அதுக்கப்புறம் அதைப் பத்தியே ஒரு மாசம் பீத்திக்குவோம்."

தூரி ஒட்வார் காதுக்கிட்ட போனா. "இப்பவே சொல்லு. தெரியாம வந்துட்டோம்னு சொல்லு."

"பேரு எழுதிட்டாங்க தூரி."

"அவங்க டிக் பண்ணது டோர்கிரிம் பேரை!"

"நம்ம குடும்பம்தானே. ஒரு அரை மணி நேரம். கையைக் காட்டிட்டு நைசா நழுவிடலாம்."

தூரிக்குக் குடுத்த வேலை கல்லு பாவின முற்றத்துல இடுக்குல முளைச்ச புல்லைச் சுரண்டி எடுக்கறது. மண்டி போட்டுத்தான் செய்யணும். எந்த முட்டிக்காக மலை ரயில் வேணும்னாளோ அதே முட்டி. ஈரப் பாறையில உக்காரறதுக்குன்னு பையில எப்பவும் ஒரு பஞ்சுத் துண்டு வச்சிருப்பாங்க, அதை எடுத்து முட்டிக்குக் கீழ போட்டுக்கிட்டா. பக்கத்துல ஒரு இளம் வாத்தியார், ஸீவெர்ட்னு பேரு, ரொம்ப அடக்கமான பையன், பழைய வெண்ணெய்க் கத்தியால சுரண்டிக்கிட்டிருந்தான்.

"வருஷா வருஷம் இதே புல்லுதான்," அவன் சொன்னான். "எங்களை விட இதுக்கு இங்க அதிக உரிமை."

"போன தடவையும் இதே வேலையா உனக்கு?"

"மூணு வருஷமா. வென்கே அத்தைக்கு நான் ஒரு தடவை லேட்டா வந்தது ஞாபகம் இருக்கு."

தலைக்கு மேல வானம் சும்மா சொல்லக்கூடாது, கழுவித் தொடைச்ச மாதிரி. அடுக்கடுக்கா ஏறிப் போற வெள்ளை மரவீடுங்க. அதுக்கும் மேல பச்சையா மலை. மலை மேல ஒரு சின்னச் சிவப்புப் பொட்டு ஊர்ந்து ஏறுது. மலை ரயில். கால் மணிக்கு ஒண்ணு ஏறுது, ஒண்ணு எறங்குது. தூரி ஒவ்வொண்ணாப் பார்த்தா. புல்லைச் சுரண்டுவா, தலையைத் தூக்குவா, சிவப்புப் பொட்டு மேல போகும். மறுபடி சுரண்டுவா. கீழ எங்கயோ தெருவுல பையன்களோட அணிவகுப்பு, டமடமன்னு மத்தளம். ஊரே கொண்டாடுது, இவ புல்லு புடுங்கறா.

பத்தரை ஆச்சு. பதினொண்ணு ஆச்சு. அரை மணி நேரம்னு சொன்ன மனுஷன் எங்கன்னு திரும்பிப் பார்த்தா.

ஒட்வார் நழுவற மாதிரியே தெரியலை. சந்துப் படிக்கட்டோட மரக் கைப்பிடி ஒண்ணு ஆடுதுன்னு யாரோ சொல்லியிருக்காங்க. அவ்வளவுதான். சட்டைக் கையை மடிச்சு விட்டாச்சு. பென்சிலைக் காதுல செருகியாச்சு. ரெண்டு பேரை வச்சு வேலை வாங்கிக்கிட்டிருந்தான். "இந்த ஆணி போதாது, ஸ்க்ரூ போடணும். அடியில மரம் உளுத்துப் போச்சு, வெட்டி எடுத்துட்டு புதுசு வைக்கலாம். ஈரம் படாம முதல்ல ஒரு கை பெயின்ட் அடிக்கணும், காஞ்சப்புறம் இன்னொரு கை." சுத்தி நின்னவங்க தலையை ஆட்டறாங்க. வென்கே கையைத் தட்டறா. "எங்கப்பா இருந்தே நீ இத்தனை நாளா!"

எங்க இருந்தானா? எல்வெரும்ல இருந்தான். அங்க இவங்க வீட்டுல, மாடிப்படியில, இதே மாதிரி ஒரு கைப்பிடி மூணு வருஷமா ஆடிக்கிட்டிருக்கு. தூரி அதைப் புடிச்சு ஏறும்போதெல்லாம் சாமியை வேண்டிக்கிட்டுத்தான் ஏறுவா. "இந்த வாரம் பார்க்கறேன்"னு சொல்லிச் சொல்லி மூணு வருஷம். இங்க பாரு, பேரு தெரியாத ஊர்க்காரனுக்கு ரெண்டு கை பெயின்ட்.

தூரி எந்திரிச்சு அவன்கிட்டப் போனா. "மணி பன்னண்டு."

"பத்தே நிமிஷம். இந்தக் கட்டையை மட்டும் பொருத்திட்டு..."

"ஒட்வார், மூணு மணிக்கு மேகம்."

"மேகம் வந்தா வந்துட்டுப் போகட்டுமே, கடல் எங்க போயிடும்? பாதியில விட்டுட்டுப் போனா இவங்க என்ன நினைப்பாங்க?"

"இவங்க யாரு? நாளைக்கு நம்ம பேரு இவங்களுக்கு ஞாபகம் இருக்குமா?"

"டோர்கிரிமுக்கு..."

"அவனே மூணு தடவை வரலைடா மனுஷா!"

ஒட்வார் ரம்பத்தைத் தேடிக்கிட்டுப் போயிட்டான். தூரிக்கு அழுகை வரலை, சிரிப்பும் வரலை. ஒரு டிக்கெட் வாங்க இந்த ஆளுக்குக் கை வராது. ஆனா ஒரு முழு வெயில் நாளை, அவளோட நாளை, தெருவுக்கே சும்மா தூக்கிக் குடுக்கறான். அவன் கஞ்சனா வள்ளலா? முப்பத்தஞ்சு வருஷமா இது அவளுக்குப் புரியலை.

கோபத்துல மாடிப்படிப் பக்கம் போய் அந்த நோட்டீஸைப் பார்த்தா. பூனையைக் காணோம்ங்கற காகிதத்தோட ஓரத்தைப் பிச்சா. அடியில முழங்கை நீளத்துக்குக் கொட்டை எழுத்துல டுக்னாட். காணாம போன பூனை வென்கே வீட்டு சன்னல்ல வயித்தைக் காட்டித் தூங்கிக்கிட்டிருக்கு. காகிதத்தை ஒட்டினதும் வென்கேதான், பூனை வந்தப்புறம் எடுக்க மறந்ததும் அவதான்.

திரும்பி வந்து ஒண்ணே கால் மணி வரைக்கும் புல்லைச் சுரண்டிட்டு, தூரி எந்திரிச்சு மேசைக்கிட்ட வந்தா. கையுறையைக் கழட்டினா. மடிச்சு, மேசை மேல வச்சா. வாஃபிள் சட்டியில மாவு ஊத்திக்கிட்டிருந்த பொண்ணு நிமிர்ந்து பார்த்துது.

"நான் கிளம்பறேன்," தூரி சொன்னா. மெதுவாத்தான் சொன்னா, ஆனா டுக்னாட்ல யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டு அங்க பழக்கம் இல்ல. சுரண்டறதெல்லாம் நின்னுடுச்சு. ஸீவெர்ட் கத்தியைக் கீழ வச்சான். "எனக்கு இன்னைக்கு அறுபது வயசு. நான் மலை ரயில்ல மேல போறேன். நாற்காலியில உக்காந்து காபி குடிக்கப் போறேன். மன்னிச்சுக்கங்க, உங்க வாஃபிளுக்கு ஆசைப்பட்டுத்தான் வந்தோம். டுக்னாட்னு தெரியாது. பூனை மறைச்சுடுச்சு."

படிக்கட்டுல ஒட்வார் கையில பிரஷ்ஷோட நின்னான். பிரஷ்ல இருந்து வெள்ளை பெயின்ட் அவன் பூட்ஸ் மேல சொட்டுச்சு.

"அறுபதா?" வென்கே வாயைத் திறந்தா. "இன்னைக்கா? அடிப்பாவி, முதல்லயே சொல்றதுக்கென்ன! எல்லாரும் வாங்க! வட்டமா நில்லுங்க!"

"ஐயோ, வேண்டாம், நேரமாச்சு..."

யாரு கேட்டா? இருபது பேரும் சுத்தி நின்னு பிறந்தநாள் பாட்டு. அதைச் சும்மாவும் பாட மாட்டாங்க அந்த நாட்டுல. குனியணும், நிமிரணும், ஒரு சுத்து சுத்தணும், குதிக்கணும். ஒரு தாத்தா சுத்தறதுல தடுமாறி புல்லு வாளியில காலை விட்டார். எல்லா அடியும் பாடினாங்க, ஒண்ணுகூட விடலை. பெர்கன்காரங்க பாதியில நிறுத்தினதா சரித்திரமே இல்ல. தூரி சிரிச்ச முகமா நின்னுக்கிட்டு, கண்ணால மலையைப் பார்த்தா. ரெண்டு சிவப்புப் பொட்டு போயிடுச்சு.

பாட்டு முடிஞ்சதும் வென்கே பையைத் துழாவி ஒரு அட்டையை எடுத்தா. "இந்தா கண்ணு. என்னோட வருஷ அட்டை. மலை ரயிலுக்கு. கூட ஒரு ஆளையும் கூட்டிக்கிட்டுப் போலாம். ரெண்டு பேருக்கும் சும்மா!"

அந்தக் கடைசி வார்த்தை ஒட்வார் காதுல விழுந்துது. ஆடிப்போன கைப்பிடிக்கு ஆணி அடிச்ச மாதிரி அப்படியே நிமிர்ந்துட்டான். முகத்துல ஒளி. "பார்த்தியா தூரி! நான் சொல்லலை? காத்திருந்ததுக்குப் பலன்!"

தூரி அந்த அட்டையைப் பார்த்தா. ஒட்வாரைப் பார்த்தா. அட்டையை வென்கே கையிலயே வச்சு மூடினா.

"ரொம்ப நன்றி வென்கே. நல்ல மனசு உங்களுக்கு. ஆனா வேண்டாம். நான் காசு குடுத்துப் போகணும்."

"காசு குடுத்தா?" ஒட்வார் குரல் கீச்சுன்னு வந்துது. "சும்மா கிடைக்கும்போதா? ஏன்?"

தூரி பையை மாட்டிக்கிட்டு சந்துப் படியில எறங்கிட்டா. பெயின்ட் காயாத கைப்பிடியைத் தொடாம, முட்டி வலிக்க வலிக்க, ஒவ்வொரு படியா.

பின்னால வென்கே குரல் மட்டும் கேட்டுது. "ஏன்னு கேக்கறான் பாரு. எங்க ஊர்ல பத்து வயசுப் பையனுக்குக்கூடப் புரியும். பிரஷ்ஷைக் கீழ போடுய்யா!"

மலை ரயில் வாசல்ல வரிசை வளைஞ்சு வளைஞ்சு நின்னுது. கப்பல்ல வந்த சனம். தூரி வரிசையில நின்னு, கைப்பையைத் திறந்து வச்சுக்கிட்டா. தனியாப் போறதுன்னா போயிடலாம், அதுல ஒண்ணும் இல்ல. ஆனா தனியாக் காபி குடிக்க அவ ஜனவரியில இருந்து காத்துக்கிட்டிருக்கலை. முன்னால நின்ன ஜெர்மன்காரரோட தொப்பியைப் பார்த்தா.

டிக்கெட் மெஷின்கிட்ட வந்தப்போ பக்கத்துல மூச்சிரைப்பு.

"தள்ளு," ஒட்வார் சொன்னான். காதுல பென்சில் அப்படியே இருந்துது. விரலெல்லாம் வெள்ளை பெயின்ட். தன் பேங்க் அட்டையை எடுத்துக்கிட்டு மெஷின் முன்னால நின்னான். தொடுதிரையில ஒரு வெள்ளைக் கைரேகை விழுந்துது. ரொம்ப நேரம் பார்த்தான். பின்னால வரிசை முணுமுணுத்துது.

"என்ன பார்க்கற?"

"போக வர ஒரு விலை, போக மட்டும் ஒரு விலை போட்டிருக்கான்." அவன் குரல் தாழ்ந்துது. "தூரி, கீழ எறங்கறது சும்மாவே எறங்கலாமே..."

தூரி தன் முட்டியைத் தொட்டா, அவ்வளவுதான்.

ஒட்வார் திரைப் பக்கம் திரும்பினான். அவளுக்குப் போக வர அழுத்தினான். தனக்குப் போக மட்டும். "நான் நடந்து எறங்கிக்கறேன்," அப்படின்னான். "என் முட்டி நல்லாத்தானே இருக்கு."

இந்த ஆளைத் திருத்தவே முடியாதுன்னு தூரிக்கு அந்த எடத்துலயே தெரிஞ்சு போச்சு. ஆனாலும் கோபம் கரைஞ்சுடுச்சு.

மேல போனப்போ மணி ரெண்டேகால். கீழ ஊர் மொத்தமும் கை நீட்டினா எடுத்துக்கலாம் போல. துறைமுகம், கப்பலுங்க, சிவப்புக் கூரைங்க, அதைத் தாண்டி தீவு, தீவுக்கு அப்பால தீவு, எல்லாத்துக்கும் அந்தப் பக்கம் வெள்ளிக் கோடா நிஜக் கடல். தூரி காபிக் கடையில ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டா. மரநாற்காலி, முதுகு சாய்மானத்தோட. உக்காந்தா.

காபி வந்துது. கப்புல. ஒட்வார் பையைத் திறந்து ரொட்டிப் பொட்டலத்தை எடுத்தான்.

"உள்ள வை."

"சும்மா ஒரு துண்டு..."

"ஒட்வார், உள்ள வை."

உள்ள வச்சான். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தான். அப்புறம் பெருமூச்சு. "ரெண்டாவது கை அடிக்காம வந்துட்டேன். ஒரு கையோட விட்டா மழையில உரிஞ்சுடும். நாளைக்கு ரயிலுக்கு முன்னால ஒரு அரை மணி நேரம்..."

இந்தா ஆரம்பிச்சுட்டான். கண்ணு முன்னால கடல், கண்ணுக்குள்ள கைப்பிடி. தூரி கப்பைக் கையில பொத்திப் புடிச்சுக்கிட்டு அவனையே பார்த்தா. அப்புறம் ஏதோ தோணுச்சு. கையை நீட்டி அவன் காதுல இருந்த பென்சிலை எடுத்தா. மேசை மேல இருந்த காகித நாப்கின்ல ஏதோ எழுத ஆரம்பிச்சா, எழுதும்போது இடது கையால மறைச்சுக்கிட்டா.

"அம்மா, ரெண்டாவது கப் இலவசமா?" ஒட்வார் பரிமாற வந்த பொண்ணைக் கேட்டுக்கிட்டிருந்தான்.

"ஆமாங்க, எத்தனை தடவை வேணும்னாலும் ரொப்பிக்கலாம்."

அந்தப் பக்கம் திரும்பின முகம் இந்தப் பக்கம் திரும்பும்போது ஒளியோட திரும்புச்சு. தூரி நாப்கினை மேசை நடுவுல தள்ளி, மேல் பாதி மேல காபிக் கப்பைத் தூக்கி வச்சா. கீழ ஒரு வரி மட்டும் தெரிஞ்சுது.

ஒட்வார் குனிஞ்சு படிச்சான். "காபி, வாஃபிள், இலவசம்." நிமிர்ந்தான். "எங்க? எப்போ?"

"வர்றியா?"

"சும்மான்னா வராம? எப்போன்னு சொல்லு."

"வரேன்னு சொல்லு முதல்ல."

"வரேன் வரேன்!"

தூரி கப்பைத் தூக்கினா. அடியில கொட்டை எழுத்துல இருந்துது: டுக்னாட். வர்ற வியாழக்கிழமை. எல்வெரும். நம்ம வீட்டு மாடிப்படி.

ஒட்வார் அதை ரெண்டு தடவை படிச்சான். மேக்கால தீவுங்க பக்கம் முதல் மேகம் தலையைக் காட்டுச்சு.

"யாரெல்லாம் வருவாங்க?" நாப்கினைப் பார்த்துக்கிட்டே கேட்டான்.

"நீ மட்டும்தான்," தூரி சொல்லிட்டு, காபியை ஒரு வாய் குடிச்சா. இன்னும் சூடா இருந்துது. "பேரு எழுதிட்டேன்."